பழைய டிராக்டருக்கு நாமளே செய்யுற புல்லர்

வணக்கம் நேயர்களே. பழைய டிராக்டர்ல கை வச்சவங்களுக்குத் தெரியும், கிராங்க் புல்லி, அதாவது இன்ஜின் ஷாஃப்ட் முனையில பெல்ட் ஓடுற சக்கரம், அதைக் கழட்டுறது எவ்ளோ எரிச்சல் புடிச்ச வேலைன்னு. போல்ட் கழண்டு வந்துடும், புல்லி மட்டும் துரு ஏறி ஷாஃப்டோட ஒட்டிக்கிட்டு அசையவே அசையாது. உடனே கடப்பாரையை விட்டு நெம்புறது, சுத்தியால விளிம்புல நாலு போடு போடுறது. நிறைய வண்டியில புல்லி வார்ப்பிரும்பு, விளிம்பு உடைஞ்சா அந்த மாடலுக்கு வேற புல்லி எங்க போய்த் தேடுறது? கடையில விக்கிற மூணு கால் புல்லரும் (புல்லியை இழுத்துக் கழட்டுற கருவி) அதே விளிம்பைத்தானே புடிச்சு இழுக்குது!

பல புல்லியில நடுப்பகுதியிலேயே மரை போட்ட ரெண்டு ஓட்டை இருக்கும், அதைப் புடிச்சு இழுக்குற மாதிரி நாமளே ஒண்ணு செஞ்சுக்கலாம். 20 மில்லி கனத்துல ஒரு இரும்பு பட்டை, நடுவுல ஒரு ஓட்டை, ரெண்டு பக்கமும் நீளவாக்குல காடி, அப்பதான் வேற வேற புல்லிக்கும் ஒத்து வரும். காடி வழியா ரெண்டு பக்க போல்ட்டைப் புல்லியோட ஓட்டையில மாட்டி, நடு ஓட்டையில ஒரு போல்ட்டை முறுக்கினா அது ஷாஃப்டைத் தள்ளும், புல்லி வெளிய வரும். பட்டை ஸ்பிரிங் துண்டு சும்மா கிடக்குதேன்னு எடுக்காதீங்க, ட்ரில் பிட்டுதான் மழுங்கும்.

நடு ஓட்டைக்கு ஒரு நட்டை வெல்டிங் வைக்கணும்ல, இங்கதான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க, நட்டை வெளிப்பக்கம் வச்சுடுறாங்க. போல்ட் ஷாஃப்டைத் தள்ளும்போது நட்டு நம்மளப் பாத்து வெளிய வரத்தான் பாக்கும், மொத்த பாரமும் வெல்டிங் மேல வந்து பிச்சுக்கும். உள்பக்கம், ஷாஃப்டைப் பாத்த மாதிரி வச்சா நட்டு பட்டை மேலயே அழுந்தி நிக்கும், வெல்டிங் சும்மா சுத்தாம புடிச்சா போதும்.

மத்ததெல்லாம் பழைய இரும்பா இருக்கட்டும், நடு போல்ட்டுக்கு மட்டும் கஞ்சம் பண்ணாதீங்க, தலையில 10.9னு (பலத்தைக் காட்டுற கிரேடு) போட்டிருக்கிற 16 மில்லி போல்ட் வாங்கி மரைக்கு கிரீஸ் தடவுங்க. பக்க போல்ட் ரெண்டும் வார்ப்பிரும்புக்குள்ள அதோட விட்டத்துக்கு ஒன்றரை மடங்காவது இறங்கணும்.

ஷாஃப்ட் ஓட்டையோட மரை கெடாம இருக்க, புல்லிக்குள்ள நுழையுற தலை உள்ள ஒரு குட்டை போல்ட்டை அதுல அடிவரைக்கும் இறுக்கி, அந்தத் தலை மேல தள்ளுங்க. டைட் ஆனதும் பைப் போட்டு முறுக்காம, நடு போல்ட் தலையில சுத்தியால ஒரு தட்டு, மறுபடி கால் சுத்து. புல்லிக்கு நேரா மட்டும் நிக்காதீங்க, டக்குன்னு தெறிச்சு வரும்.

அதுக்கும் அசையலைன்னா தீ காட்டலாம், ஆனா பின்னாடியே ஆயில் கசியாம தடுக்குற ஆயில் சீல் ரப்பர் இருக்கு, புது சீலை வாங்கி வச்சுட்டு காட்டுங்க.