மாத்திரையைப் பற்றியும் பேசக்கூடிய கூட்டம்: குடிநோயும் மனநோயும் சேர்ந்து இருப்பவர்களுக்கு

[காட்சி: மாட்டுத்தாவணி பேருந்து நிலையம், மாலை நேரம்]

உதாரணத்துக்கு ஒருவரை எடுத்துக்கொள்வோம். மேலூரில் பைக் பட்டறை வைத்திருக்கிறார். பத்து வருடக் குடி. நடுவில் ஒரு தடவை நாலைந்து நாள் தூக்கமே இல்லை. கையிலிருந்த காசையெல்லாம் செலவழித்தார், கண்ணில் பட்டவர்களுக்கெல்லாம் வேலை போட்டுத் தருகிறேன் என்றார். வீட்டார் மதுரைக்குக் கூட்டிவந்து மருத்துவமனையில் சேர்த்தார்கள். டாக்டர் இருமுனைக் கோளாறு, அதாவது அளவுமீறிய உற்சாகமும் ஆழ்ந்த சோர்வும் மாறி மாறி வரும் நோய் என்று சொல்லி, அதற்கான லித்தியம் மாத்திரையை எழுதிக் கொடுத்தார்.

குடியை விடுவதற்காக அவர் ஒரு கூட்டத்துக்கும் போக ஆரம்பித்தார். அங்கே மூத்தவர் ஒருவர் உண்மையான அக்கறையோடுதான் சொன்னார்: "மாத்திரையும் ஒரு போதைதான் தம்பி. அதையும் விட்டாத்தான் முழுசா வெளிய வர முடியும்." இவரும் விட்டார். கொஞ்ச நாளில் தூக்கம் போனது. தூக்கம் வர ஒரு கட்டிங், அப்புறம் குவார்ட்டர்.

மனநல ஓ.பி.க்குப் போனால் குடிப்பதைச் சொல்வதில்லை, திட்டுவார்கள் என்ற பயம். கூட்டத்துக்குப் போனால் மாத்திரையைச் சொல்வதில்லை, ஒரு மாதிரி பார்ப்பார்கள் என்ற கூச்சம். இரண்டு இடத்திலும் பாதி ஆளாகத்தான் உட்கார்ந்திருக்கிறார். முழு ஆளாக உட்கார ஓர் இடம் வேண்டும். அதைப் பற்றித்தான் இந்த வீடியோ.

[திரையில்: 1935, 1989]

குடிநோயாளிகள் தங்களுக்குள் கூடிப் பேசுவதை ஒரு முறையாக ஆக்கியது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ. அமெரிக்காவில் 1935-இல் தொடங்கியது. கட்டணம் இல்லை, முழுப்பெயர் சொல்ல வேண்டியதில்லை, இன்று ஒரு நாள் குடிக்காமல் இருந்தால் போதும் என்பது அதன் நடைமுறை. நம் ஊர்களிலும் தமிழிலேயே இந்தக் கூட்டங்கள் நடக்கின்றன. டாக்டர் கொடுத்த மருந்தை நிறுத்தச் சொல்லும் வேலை உறுப்பினருக்கு இல்லை என்று ஏ.ஏ. அமைப்பே எழுதி வைத்திருக்கிறது. இருந்தாலும் அறைக்குள் உட்கார்ந்திருப்பது மனிதர்கள்தானே. மாத்திரை என்றதும் முகம் சுளிக்கிறவர் எங்கேயும் ஒருவர் இருப்பார்.

அதனால்தான் 1989-இல், அதே அமெரிக்காவில், இரண்டு நோயும் உள்ளவர்களுக்கென்றே கூட்டங்கள் பிறந்தன. நியூயார்க்கில் டபுள் டிரபுள் இன் ரெகவரி, கன்சாஸ் சிட்டியில் டூயல் ரெகவரி அனானிமஸ். குடியிலிருந்து மீள ஏ.ஏ. வகுத்த அதே பன்னிரண்டு படிகள்தான். ஆனால் மனநோயைப் பற்றியும் மாத்திரையைப் பற்றியும் வாய்விட்டுப் பேசலாம். நியூயார்க் குழுக்களை வைத்து 2002-இல் வந்த ஓர் ஆய்வு, தவறாமல் வருகிறவர்கள் மருந்தையும் ஒழுங்காக எடுக்கிறார்கள் என்று காட்டியது. ஒழுங்கானவர்கள்தான் தவறாமல் வருகிறார்களோ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். குறைந்தபட்சம், கூட்டத்துக்குப் போனால் மருந்து எடுப்பது நின்றுபோகும் என்ற பயத்துக்கு அங்கே இடமில்லை.

[காட்சி: சிறிய அறை, வட்டமாகப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலிகள், ஃபிளாஸ்க்கில் டீ]

ஒரு சின்ன விஷயத்தைக் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். லித்தியம் சாப்பிடுகிற ஒருவர் டீ டம்ளரை வாங்குகிறார். விரல் லேசாக நடுங்குகிறது. வீட்டில் என்றால் உடனே, "காலையிலேயே ஊத்திட்டு வந்துட்டியா?" என்ற கேள்வி வரும். இந்த வட்டத்தில், பக்கத்தில் இருப்பவர் டம்ளரைப் பாதி நிரப்பிக் கொடுக்கிறார். "எனக்கும் இருந்துச்சுண்ணே. டாக்டர்ட்ட சொன்னீங்களா? ரத்தம் எப்பக் குடுத்தீங்க?" என்று கேட்கிறார். லித்தியம் எடுப்பவர்களுக்கு ரத்தத்தில் அதன் அளவை அவ்வப்போது பார்க்க வேண்டும் என்பது அவருக்குத் தன் உடம்பிலேயே தெரியும்.

இது வெறும் ஆறுதல் இல்லை, சில நேரம் உயிரைக் காப்பாற்றும். சித்திரை வெயிலில் பட்டறையில் வேர்த்துக் கொட்டி, தண்ணீர் சரியாகக் குடிக்காமல் இருந்தாலோ, குடித்துவிட்டு வாந்தி எடுத்தாலோ லித்தியம் உடம்பில் கூடிவிடும். அப்போது கை பலமாக நடுங்கும், பேச்சு குழறும், நடை தள்ளாடும். பார்ப்பதற்கு அப்படியே போதையில் இருப்பவர் மாதிரியே இருக்கும். 'தெளியட்டும்' என்று திண்ணையில் படுக்கப் போட்டால் ஆபத்து. உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். இது தெரிந்த நாலு பேர் பக்கத்தில் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம்!

சரி, மாத்திரையும் போதைதானே என்ற கேள்விக்கு வருவோம். மனச்சோர்வுக்கும், மனச்சிதைவுக்கும், இருமுனைக் கோளாறுக்கும் நீண்ட நாள் கொடுக்கும் மருந்துகள் குடியைப் போல 'இன்னும் வேணும்' என்ற வெறியை உண்டாக்குவதில்லை. ஆனால் தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் தரும் சில மாத்திரைகள் பழக்கமாகிவிடக்கூடியவை. அவற்றைக் குடியோடு சேர்த்தால் மூச்சே அடங்கிப்போகலாம். ஆகவே எந்த மாத்திரை என்று தெரிந்து பேச வேண்டும். அதைத் தீர்மானிப்பது டாக்டர். குழுவின் வேலை, டாக்டரிடம் முழு உண்மையையும் சொல்ல அவருக்குத் தைரியம் கொடுப்பது.

குடி மனச்சோர்வைக் கொண்டுவரும், மனச்சோர்வு குடியைத் தேடும். காதில் கேட்கும் குரலை அமுக்குவதற்காகக் குடிக்கிறவர் உண்டு, குடியாலேயே குரல் கேட்க ஆரம்பித்தவரும் உண்டு. எது முந்தி என்று வீட்டில் சண்டை போட்டுப் பயனில்லை. குடியை விட்ட சில வாரங்களில் சிலருக்குச் சோர்வு தானாகக் குறையும், சிலருக்கு அப்படியே நிற்கும். அதைப் பார்த்துத்தான் டாக்டர் முடிவெடுப்பார். இரண்டையும் ஒரே நேரத்தில் கவனிப்பதுதான் சரியான சிகிச்சை.

[காட்சி: அழகர்கோவில், பதினெட்டாம்படி கருப்பசாமி சன்னதிக் கதவு]

நம் பக்கத்தில் குடியை விடுவதற்குப் பழைய வழிகள் உண்டு. கருப்பசாமி முன்னால் சத்தியம் செய்வது, கயிறு கட்டுவது, ஐயப்பனுக்கு மாலை போடுவது. இவற்றை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். சாமிக்குப் பயந்து மண்டலக் கணக்கில் குடிக்காமல் இருந்தவர், தன்னால் முடியும் என்று அப்போதுதான் தெரிந்துகொள்கிறார். ஆனால் ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். தினமும் நிறையக் குடிப்பவர் ஒரே நாளில் நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாளில் ஆள் அடையாளம் தெரியாமல் பிதற்றி, இல்லாததைப் பார்த்துப் பயப்படும் நிலையும் வரலாம். அதைச் சாமிக் குத்தம் என்றோ பேய் என்றோ நினைத்து நேரத்தைக் கடத்தினால் உயிர் போகக்கூடும். மாலை போடும் முன் டாக்டரைப் பார்த்துவிடுங்கள். வேண்டுதலும் மாத்திரையும் ஒரே வீட்டில் தாராளமாக இருக்கலாம்.

இன்னொன்று, குடிப்பவருக்கே தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுக்கும் மருந்து. தயவுசெய்து வேண்டாம். குடியை நிறுத்தத் தரப்படும் டைசல்ஃபிராம் உடம்பில் இருக்கும்போது குடித்தால் ரத்த அழுத்தம் இறங்கி ஆளே சாய்ந்துவிடலாம். ஏற்கனவே மனநோய் இருப்பவருக்கு அது நோயைக் கிளறிவிடவும் கூடும். அவருக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து, டாக்டர் பார்வையில் மட்டுமே எடுக்க வேண்டிய மருந்து அது.

[காட்சி: மறுபடி அதே அறை]

தனிப் பெயர்ப்பலகை வைத்த குழுதான் வேண்டும் என்றில்லை. ஏற்கனவே கூட்டங்களுக்குப் போகிற நாலைந்து பேர், தங்களுக்கு இரண்டு பிரச்சினையும் இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் போதும், வாரம் ஒரு மாலை தனியாக உட்காரலாம். உசிலம்பட்டிக்காரர் உசிலம்பட்டியில் உட்கார மாட்டார், மச்சான் முறைக்காரர் யாராவது பார்த்துவிடுவார் என்ற தயக்கம் இருக்கும். அதனால் மதுரைக்குள், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், கடைசி பஸ்ஸைப் பிடிக்கிற நேரத்துக்குள் முடிகிற மாதிரி வையுங்கள். இங்கே கேட்டது வெளியே போகக்கூடாது. ஒருவர் பேசும்போது அறிவுரை சொல்லிக் குறுக்கே புகக்கூடாது. யாரும் யாருக்கும் மருந்து சொல்லக்கூடாது, நிறுத்தவும் சொல்லக்கூடாது. 'எத்தனை நாள் ஆச்சு' என்று கேட்பதோடு 'மாத்திரை விட்டுப்போச்சா' என்றும் கேளுங்கள். என் பார்வையில் இரண்டாவது கேள்விக்கு வரும் பதில்தான் அடுத்த மாதத்தை முன்கூட்டியே காட்டும்.

குடித்துவிட்டு வந்தவரை விரட்ட வேண்டாம். அன்று பேசாமல் கேட்டுக்கொண்டு இருக்கட்டும், வீடு சேரும்வரை ஒருவர் கூடப் போகட்டும். பெண்களுக்குத் தனி மாலை வேண்டும். ஆண்கள் நிறைந்த அறையில் ஒரு பெண் தன் குடியைப் பற்றிச் சொல்வது நம் ஊரில் இன்னும் கஷ்டம்தான்.

சாக வேண்டும் போலிருக்கிறது என்று ஒருவர் சொன்னால் அது குழுவோடு முடிகிற பேச்சு இல்லை. அவரைத் தனியாக விடாதீர்கள், அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை எந்த நேரத்திலும் இலவசமாக அழைக்கலாம், தமிழில் பேசுவார்கள். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது.

2001 ஆகஸ்டில் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகள் காப்பகம் ஒன்றில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் தீயில் கருகி, 28 பேர் இறந்தார்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் யாரையும் சங்கிலியில் கட்டுவதைத் தடைசெய்கிறது. மதுவாலும் போதைப்பொருளாலும் வரும் மனநிலைப் பாதிப்புகளையும் அந்தச் சட்டம் மனநோய்க்குள்தான் சேர்த்திருக்கிறது. ஒரு மறுவாழ்வு மையத்தில் சேர்க்கும் முன் அது பதிவுபெற்றதா, மனநல மருத்துவர் வருகிறாரா, ஏற்கனவே எடுக்கும் மாத்திரையைத் தொடர விடுவார்களா என்ற மூன்றையும் கேளுங்கள். மூன்றாவதற்கு 'இங்க வந்தா எல்லாத்தையும் நிப்பாட்டிருவோம்' என்று பதில் வந்தால், ஆளைச் சேர்க்காமல் திரும்பிவிடுங்கள்.