‘ஒலியே!’ அணியின் பட்டிமன்ற உரை

மதிப்புக்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

“யூத இனப்படுகொலையைச் சொல்லும் படங்களில் நம்மை அதிகம் உலுக்குவது காட்சியா, ஒலியா?” என்பது தலைப்பு. காட்சிக்காகப் பேசிய அம்மையார் ஒரு சிவப்புக் கோட்டைச் சாட்சிக்கு அழைத்தார். ‘ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்’ (1993) ஏறக்குறைய முழுவதும் கறுப்பு வெள்ளைப் படம். 1943 மார்ச்சில் போலந்தின் கிராகோவ் நகரில் யூதர்களை அடைத்து வைத்திருந்த ‘கெட்டோ’ பகுதியை நாஜிகள் காலி செய்யும் காட்சியில், ஒரு சிறுமியின் கோட்டு மட்டும் சிவப்பாகத் தெரியும். “அந்தச் சிவப்பை யாரால் மறக்க முடியும்?” என்று கேட்டார்.

என்னாலும் முடியாதுதான் அம்மா. ஆனால் அவள் நடக்கும்போது காதில் என்ன விழுகிறது என்று நீங்கள் சொல்லவில்லையே! குழந்தைகள் கூடிப் பாடும் ‘ஓய்ஃபன் பிரிப்பெச்சிக்’ என்ற பாட்டு அது; கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பேசிய இத்திஷ் மொழிப் பாட்டு. கணப்பு எரிகிற அறையில் ஆசிரியர் ஒருவர் சின்னஞ்சிறுசுகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பதைப் பற்றிய பாட்டு. சிவப்பு நம் கண்ணை அவளிடம் கொண்டுபோய் நிறுத்துகிறது, அவ்வளவுதான். அவள் எழுத்துப் படிக்க வேண்டிய வயதுக்காரி, அந்தப் பள்ளிக்கூடமே இனி இருக்காது என்பதைச் சொல்வது பாட்டு. சத்தத்தை அணைத்துவிட்டு அதே காட்சியை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். கூட்டத்தில் ஒரு குழந்தையைப் பின்தொடர உதவும் அடையாளமாகக் கோட்டு சுருங்கிவிடும்.

அன்றிரவுக் காட்சியையும் பார்ப்போம். ஒளிந்திருப்பவர்களின் மூச்சைக் கண்டுபிடிக்கப் படையினர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்கிறார்கள். பியானோவுக்குள் ஒளிந்திருந்தவர் வெளியே காலை எடுத்து வைக்கும்போது பாதம் கட்டைகளில் பட்டுவிடுகிறது. அந்த ஒரு சத்தம் போதும், பூட்ஸ் கால்கள் மாடிக்கு ஓடுகின்றன. சற்று நேரத்தில் படையினன் ஒருவன் பியானோவில் ஜெர்மன் இசைமேதை பாக்கின் இசையை வாசிக்கிறான். அறைகளில் துப்பாக்கி வெடித்துக்கொண்டே இருக்கிறது. யாருக்கு உயிர், யாருக்குச் சாவு என்பதை அங்கே ஒலிதான் தீர்மானிக்கிறது நடுவர் அவர்களே.

இரண்டாவது பேச்சாளர் ‘சன் ஆஃப் சால்’ (2015) படத்தைத் தங்கள் பக்கம் இழுத்தார். “நான்குக்கு மூன்றை ஒட்டிய பழைய ஃபிரேம், 35 மி.மீ. ஃபிலிம், பெரும்பாலும் ஒரே 40 மி.மீ. லென்ஸ், மங்கிய பின்னணி. எல்லாம் ஒளிப்பதிவு” என்றார். லென்ஸைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் இயக்குநர் லாஸ்லோ நெமெஷ் ஏன் அப்படி எடுத்தார்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 40 மி.மீ. லென்ஸில் ஒளி நுழையும் துவாரத்தை எஃப் 2 என்ற அகலமான அளவுக்குத் திறந்து, ஒரு மீட்டர் தூரத்தில் இருக்கும் முகத்துக்கு ஃபோகஸ் வைத்தால், கூர்மையாகத் தெரியும் ஆழம் 6 செ.மீ. அளவுதான். நடிகர் அரை அடி முன்னே சாய்ந்தாலே கண் மங்கிவிடும். ஃபோகஸ் பார்க்கும் உதவியாளர் நடையோடு நடையாக வளையத்தைத் திருப்பிக்கொண்டே வர வேண்டும். இவ்வளவு சிரமப்பட்டு இயக்குநர் செய்தது என்ன? 1944 அக்டோபரில் ஆஷ்விட்ஸ்-பிர்க்கெனவ் என்ற நாஜிக் கொலைமுகாமில், எரியூட்டும் கூடங்களில் வேலை செய்ய நாஜிகள் கட்டாயப்படுத்திய கைதிகளில் ஒருவன் சால். அவன் முகத்தையும் முதுகையும் தவிர மற்றதையெல்லாம் நம் கண்ணிலிருந்து எடுத்துவிட்டார். கண் விட்ட இடத்தைக் காது எடுத்துக்கொள்கிறது.

படத்தின் தொடக்கத்தைக் கேளுங்கள். வந்திறங்கிய மக்களை உடை மாற்றச் சொல்லி ஒரு குரல் பேசுகிறது: கொக்கி எண்ணை மறக்காதீர்கள், குளித்ததும் சூப் இருக்கிறது, உங்களுக்கு வேலையும் இருக்கிறது. நச்சுவாயு அறையின் கதவு மூடுகிறது. சாலும் மற்றவர்களும் உடனே கொக்கிகளில் தொங்கும் கோட்டுகளை எடுக்கத் தொடங்குகிறார்கள். கதவுக்குப் பின்னால் முதலில் சலசலப்பு, பிறகு அலறல், பிறகு இரும்பில் கைகள் அடிக்கும் சத்தம். கேமரா உள்ளே போகவில்லை. சாலின் முகம் அசையவில்லை. ஒலிப்பதிவில் பல மொழிகள் பின்னிக் கிடக்கின்றன. எது உத்தரவு, எது கெஞ்சல் என்று பிரிக்கத் திணறுகிறோம். அந்தத் திணறல்தான் முகாமுக்குள் நாம் வைக்கும் முதல் அடி.

இப்போது என் முக்கிய சாட்சி, ஜோனதன் கிளேசரின் ‘தி ஸோன் ஆஃப் இன்ட்ரஸ்ட்’ (2023). ஆஷ்விட்ஸ் முகாம் தலைவன் ருடால்ஃப் ஹோஸின் குடும்பம் முகாமை ஒட்டிய வீட்டில் வாழ்கிறது. தோட்டம், நீச்சல் தொட்டி, குழந்தைகள். சுவருக்கு அந்தப் பக்கம் நடக்கும் கொலை ஒன்றைக்கூடக் கேமரா காட்டவில்லை. ஒலி வடிவமைப்பாளர் ஜானி பர்ன் முகாம் நிகழ்வுகளையும் சாட்சியங்களையும் தொகுத்து 600 பக்க ஆவணம் தயாரித்தார். எந்தச் சத்தம் எவ்வளவு தூரத்திலிருந்து, எந்தச் சுவரில் மோதி வர வேண்டும் என்று கணக்கிட முகாமின் வரைபடத்தையும் சேர்த்துக்கொண்டார். 2024-இல் சிறந்த ஒலிக்கான ஆஸ்கர் அவருக்கும் டார்ன் வில்லர்ஸுக்கும் கிடைத்தது.

இந்தத் தூரக் கணக்கில்தான் பல படங்கள் கோட்டை விடுகின்றன. ஸ்டுடியோவில் பக்கத்தில் வைத்துப் பதிவுசெய்த துப்பாக்கிச் சத்தத்தை, ஒலிகளைக் கலக்கும் மிக்சிங்கில் குறைத்து வைத்தால் அது தூரத்துச் சத்தம் ஆகிவிடாது. சின்னதாகிப்போன பக்கத்துச் சத்தமாகவே கேட்கும். தூரம் கூடக் கூடக் காற்று கூர்மையான அதிர்வுகளைத் தின்றுவிடும். மழுங்கிய தடிப்பும் எதிரொலியும்தான் வந்து சேரும். 170 மீட்டருக்கு அரை வினாடி தாமதமும் உண்டு. இதைக் காது பிறந்ததிலிருந்து அறியும். பொய் சொன்னால் கண்டுபிடித்துவிடும், அந்த நொடியே சுவர் வெறும் சினிமா செட்டாகத் தெரிந்துவிடும்.

அந்தப் படத்தில் இரவில் ஒரு போலந்துச் சிறுமி கைதிகள் வேலை செய்யும் இடத்தில் ஆப்பிள்களை மண்ணில் புதைத்துவிட்டுப் போகிறாள். வெப்பத்தைப் பதியும் கேமராவில் எடுத்தது அது. அழகான காட்சி, எதிரணிக்கே தருகிறேன். ஆனால் அந்த ஆப்பிள்கள் என்ன ஆயின? ஹோஸின் சின்ன மகன் தன் அறையில் விளையாடிக்கொண்டிருக்கிறான். ஜன்னலுக்கு வெளியே குரல்கள்: ஆப்பிளுக்காகச் சண்டை போட்டானாம் ஒரு கைதி. அவனை ஆற்றில் மூழ்கடிக்கச் சொல்லி உத்தரவு வருகிறது. பையன் எட்டிப் பார்க்கிறான். நமக்குத் தெரிவது பையன் மட்டும்தான். திரும்பி வந்து, “இனிமே அப்படிச் செய்யாதே” என்று முணுமுணுக்கிறான். கைதிக்கு முகம் இல்லை, பெயர் இல்லை, ஒரு ஷாட்கூட இல்லை. அந்தச் சிறுமியின் இரக்கம் ஒருவனுடைய சாவில் போய் முடிந்ததை நாம் காதால் மட்டுமே அறிகிறோம். என்னைக் கேட்டால் இந்த வகைப் படங்களில் இதைவிடக் கொடிய காட்சி எதுவும் இல்லை.

“திரையரங்கில் சத்தத்தைக் குறைத்தால் உங்கள் வாதம் போய்விடுமே” என்று எதிரணியில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. மிக்சிங் அறையில், ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடர் 7 என்ற அளவில் இருக்கப் படம் முடிக்கப்படுகிறது. புரொஜெக்டர் அறையில் அதை 5-க்கு இறக்கினால் ஏறக்குறைய 7 டெசிபல் குறையும். முன்னால் பேசும் வசனம் தப்பித்துவிடும். சுவருக்கு அப்பாலிருந்து வருவது ஏசி இரைச்சலில் அமுங்கிவிடும். மிஞ்சுவது பூச்செடியும் பிள்ளைகளும், அதாவது ஹோஸ் குடும்பத்தின் இல்லற ஆல்பம். எடுத்த ஃபிரேம்கள் அத்தனையும் அப்படியே இருக்கும், படம் இருக்காது. இது எங்கள் வாதத்தை உடைக்கிறதா, நிலைநிறுத்துகிறதா? நடுவரே சொல்லட்டும்.

காட்சி எல்லை மீறினால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி உண்டு. ‘காப்போ’ (1960) படத்தில் ஒரு பெண் மின்வேலியில் பாய்ந்து உயிர்விடுகிறாள். கேமரா அவளை நோக்கி முன்னேறி, அவள் கையை ஃபிரேமில் எடுப்பாக அமைத்துக் காட்டுகிறது. அந்த நகர்வு இழிவானது என்று 1961-இல் பிரெஞ்சு விமர்சகர் ழாக் ரிவெத் கொதித்து எழுதினார். சாவை அழகாகச் சட்டமிடும் ஆபத்து கேமராவோடு கூடவே வருகிறது. சோக வயலினும் அதே தவறைச் செய்யும், ஒப்புக்கொள்கிறேன்.

கடைசியாக ஒன்று. குளோட் லான்ஸ்மானின் ‘ஷோவா’ (1985) ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஓடும் ஆவணப்படம். பழைய படச்சுருளிலிருந்து ஒரு காட்சிகூட அதில் இல்லை. தொடக்கத்தில், நாஜிக் கொலைமுகாம் இருந்த போலந்தின் செல்ம்னோவில், உயிர் தப்பிய சிமோன் ஸ்ரெப்னிக் படகில் உட்கார்ந்து பாடிக்கொண்டு போகிறார். 13 வயதில் அங்கே கைதியாக இருந்தபோது, அதே ஆற்றில் நாஜிகள் அவரைப் படகில் வைத்துப் பாடச் சொன்னார்கள். படகைத் தவிரத் திரையில் தெரிவது தண்ணீரும் புல்லும் மரமும்தான். கரையில் இருந்த ஊர்க்காரர்களுக்கு அந்தக் குரல் நினைவிருந்தது.

நன்றி, வணக்கம்.