'என் கால்' என்று சொல்பவர் யார்?

வணக்கம் நேயர்களே.

போன வருடம் எனக்கு முழங்காலில் ஒரு ஆபரேஷன் நடந்தது. முதுகுத்தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்திருந்தார்கள், ஆனால் நான் முழித்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு கட்டத்தில் பச்சைத் துணிக்கு மேலே ஒரு கால் எழும்பியது. யாரோ தூக்கிப் பிடிக்க, இன்னொருவர் அதில் மருந்து தடவிக்கொண்டிருந்தார். யாருடைய கால் இது என்று ஒரு கணம் நிஜமாகவே யோசித்தேன். அப்புறம்தான் கணுக்காலுக்கு மேலே அந்தப் பழைய தழும்பு கண்ணில் பட்டது, ஏழாம் வகுப்பில் சைக்கிள் செயினில் மாட்டி வாங்கியது. அட, நம்ம கால்!

உடல், மனம், பண்பாடு இதையெல்லாம் கடந்த ஆன்மாவைப் பற்றிப் பேசுங்கள் என்று புதுச்சேரி வானொலிக்காரர்கள் கூப்பிட்டபோது இந்தக் கால்தான் ஞாபகத்துக்கு வந்தது. தலைப்பு எனக்குக் கொஞ்சம் தொளதொளப்பான சட்டைதான், போட்டுப் பார்க்கிறேன்.

எங்கள் கடலூர் மாவட்டத்தில் பெண்ணாடம் இருக்கிறதே, கரும்பு லாரிக்குப் பின்னாலேயே ஊர்ந்து போகவேண்டிய ஊர், அங்கே 13ஆம் நூற்றாண்டில் பிறந்தவர் மெய்கண்டார். சைவ சித்தாந்தத்துக்கு அடிப்படை நூலான சிவஞானபோதம் எழுதியவர். மொத்தமே 12 சூத்திரம், 40 வரி. அதில் மூன்றாவது சூத்திரம் உடம்புக்குள் ஆன்மா என்று ஒன்று உண்டு என்பதற்குக் காரணங்களை வரிசையாக அடுக்குகிறது. 'எனது உடல் என்றலின்' என்பது அதில் ஒன்று. என் வீடு, என் சைக்கிள் என்கிறோம், வீடும் சைக்கிளும் நாமில்லை. அதே வாயால்தான் என் உடம்பு என்றும் சொல்கிறோம்.

இதை வீட்டில் பெருமையாகச் சொன்னபோது பேத்தி மடக்கினாள். 'என் உயிர்னுகூடத்தான் சொல்றோம், அப்ப உயிரும் நாம இல்லையா தாத்தா?' நியாயமான கேள்வி. இலக்கணத்தை மட்டும் வைத்து ஆன்மாவைப் பிடித்துவிட முடியாது என்பது என் அபிப்பிராயமும்கூட. மெய்கண்டாரும் அதோடு நிறுத்தவில்லை. 'இது நானில்லை, அதுவும் நானில்லை' என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போகிறாயே, அப்படித் தள்ளுவதற்கு ஒருவர் வேண்டாமா என்று கேட்கிறார். தூங்கும்போது உடம்பு அங்கேயே கிடக்கிறது, மூச்சும் ஓடுகிறது, ஆனால் சாப்பாடும் இல்லை வேலையும் இல்லை, அதனால் உடம்பும் மூச்சும் மட்டும் போதாது என்கிறார். பேத்தி இதற்கும் ஒரு பதில் வைத்திருப்பாள், நான் கேட்டுக்கொள்ளவில்லை.

சரி, உடம்பு இல்லை என்றால் மனசா? நாலாவது சூத்திரம் அதையும் மறுக்கிறது. மனம், புத்தி முதலான கரணங்கள், அதாவது உள்ளே வேலை செய்யும் கருவிகள், அமைச்சர்கள் மாதிரி, ஆன்மா அரசன் மாதிரி. இதற்கு ஏட்டைப் புரட்ட வேண்டியதில்லை. 'ரெண்டு நாளா மனசே சரியில்லைங்க' என்று டீக்கடையில் ஒருவர் சொல்கிறார். சரியில்லை என்று பார்த்துச் சொல்கிறாரே, அவர் யார்? மனசே சொல்கிறது என்றால், கெட்டுப்போன தராசு தன்னைத் தானே நிறுத்துப் பார்த்துக்கொள்கிற கதைதான்.

பண்பாட்டுக்கு வந்தால் கொஞ்சம் சிக்கல். அதற்குப் புதுச்சேரியைவிட நல்ல இடம் கிடையாது. 1881இல் இங்கே ஒரு பிரெஞ்சு ஆணை வந்தது. இந்துவோ முஸ்லிமோ கிறிஸ்தவரோ, தன் சமூக வழக்கச் சட்டத்தை விட்டுவிட்டு பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்துக்குள் வருவதாக எழுதிக் கொடுக்கலாம். எழுதிக் கொடுத்தவர்கள் புதிதாக ஒரு குடும்பப் பெயரும் எடுத்துக்கொண்டார்கள். இவர்களை ரெனோன்சான் என்பார்கள். ரெனோன்சான் என்றால் துறந்தவர் என்று அர்த்தம், காவி கட்டாமல் காகிதத்தில் துறந்தவர்கள்! பிறகு 1962இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்து, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுபவர்கள் ஆறு மாதத்துக்குள் சொல்லலாம் என்றபோது, ஒரே வீட்டில் அண்ணன் ஒரு நாடு, தம்பி ஒரு நாடு என்று ஆனதும் உண்டு. பெயர் மாறியது, சட்டம் மாறியது, பாஸ்போர்ட் மாறியது. ஆனால் வீட்டில் மீன்குழம்பு மாறவில்லை. எழுதிக் கொடுத்துத் துறக்க முடிவது கொஞ்சம்தான், நாக்கில் ஊறியது எந்த ஆணைக்கும் கட்டுப்படுவதில்லை.

ஏன் இப்படி ஒட்டிக்கொள்கிறது? மெய்கண்டார் வழியில் இதற்கு ஒரு சொல் உண்டு, சார்ந்ததன் வண்ணமாதல். பளிங்கைச் சிவப்புத் துணிமேல் வைத்தால் சிவப்பு, பச்சைமேல் வைத்தால் பச்சை. எட்டாவது சூத்திரத்தில், வேடர்களிடம் வளர்ந்து தன்னையும் வேடன் என்றே நினைத்துக்கொண்ட அரசகுமாரன் வருகிறான். வேடர் என்று அவர் சொல்வது ஐம்புலன்களை, நான் அதில் சாதியையும் ஊர்ப்பெருமையையும் சேர்த்துக்கொள்கிறேன், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்பிக்கை. அவன் தானாக விழித்துக்கொள்வதில்லை, ஒருவர் வந்து எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். நானே எல்லாம், நானே பரம்பொருள் என்று நெஞ்சை நிமிர்த்துகிற பேச்சு இதில் இல்லை. சொன்னால் புரிந்துகொள்ளும், பக்கத்தில் இருப்பதன் சாயம் ஏறும், அவ்வளவு எளிய ஒன்றுதான் ஆன்மா.

ஆனால் ஒன்று. உடம்பு நானில்லை என்ற பேச்சை அடுத்தவன் உடம்பின் மேல் பிரயோகிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பசிக்கிறது என்கிறவனிடம் 'எல்லாம் மாயை' என்பார்கள், சாப்பிட்ட கை ஈரம்கூடக் காய்ந்திருக்காது. வடலூரில் வள்ளலார் செய்ததைப் பாருங்கள். ஞானசபையில் ஏழு திரை விலகிய பிறகு ஜோதி தெரிகிறதே, அந்தச் சபை 1872இல் வந்தது. பசித்தவர்களுக்குச் சோறு போடும் தருமச்சாலையில் அடுப்பு மூட்டியது 1867இல். அடுப்புக்கு ஐந்து வருடம் கழித்துத்தான் திரை. அந்த அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது.

ஆபரேஷன் முடிந்து நாலு மாதம் கழித்து அங்கே போயிருந்தேன், பூசமெல்லாம் இல்லை, சாதாரண வாரநாள். பந்தியில் உட்காரப் போனால் முழங்கால் மடங்க மறுக்கிறது. கீழேயும் போக முடியாமல் மேலேயும் எழ முடியாமல் பாதியில் நிற்கிறேன். பரிமாறிக்கொண்டிருந்தவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு வந்து தோளைப் பிடித்தார். 'காலை நீட்டியே உக்காருங்க ஐயா, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க' என்றார். பக்கத்து இலைக்காரர் தன் இலையை இழுத்து இடம் விட்டார். நீட்டிக்கொண்டேன். சாம்பார் நல்ல சூடு.

வணக்கம்.