டீப் கிளீனிங் முடிந்தது, காபி குடிக்கலாமா?

வணக்கம். பல் டாக்டரிடம் டீப் கிளீனிங் செய்துகொண்டு எழுந்ததும் பலர் கேட்கும் முதல் கேள்வி காபியைப் பற்றித்தான். குடிக்கலாம், ஆனால் ஊசியால் வந்த மரப்பு போகட்டும்.

[திரையில்: பல், ஈறு, நடுவே உள்ள இடுக்கு]

சாதாரண கிளீனிங்கில் பெரும்பாலும் மேலே தெரியும் காரையை, அதாவது பல்லில் கெட்டியாகப் படிந்த அழுக்கை எடுப்பார்கள். டீப் கிளீனிங்கில் ஈறுக்கு அடியில் போய், வேரில் ஒட்டியிருப்பதைச் சுரண்டி எடுக்கிறார்கள். ஆரோக்கியமான ஈறில் இந்த இடுக்கின் ஆழம் 1 முதல் 3 மில்லிமீட்டர். அதைத் தாண்டி ஆழமாகிவிட்டால் பிரஷ் உள்ளே எட்டாது. வலி தெரியாமல் அங்கே வேலை செய்யத்தான் மரப்பு ஊசி.

ஊசி போட்ட உதடும் கன்னமும் பெரும்பாலும் 2 முதல் 4 மணி நேரம் மரத்தே இருக்கும், சிலருக்கு இன்னும் கொஞ்சம் கூட. அந்த நேரத்தில் மென்றால் சொந்தக் கன்னத்தையே கடித்துக்கொள்வீர்கள், வலிக்காது. சூடான காபி நாக்கைச் சுட்டாலும் தெரியாது. பச்சைத் தண்ணீர் குடிக்கலாம், அதுவும் மெதுவாக.

சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் இதைக் கவனியுங்கள். "பல் டாக்டரிடம் போகிறோமே" என்று வெறும் வயிற்றோடு போய் உட்கார்ந்து, பிறகு மரப்பு போகும்வரையும் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை இறங்கிவிடலாம். டாக்டர் வேண்டாம் என்று சொல்லாதவரை, வழக்கம்போல் சாப்பிட்டுவிட்டே போங்கள்.

[திரையில்: குழைந்த சாதம், தயிர், இட்லி]

மரப்பு போன பிறகு இரண்டு மூன்று நாளைக்கு நம் வீட்டுச் சாப்பாடே போதும். குழைய வடித்த தயிர் சாதம், பருப்பு சாதம், இடியாப்பம், ஆறின கூழ், மோர். இட்லி சரி, மிளகாய்ப் பொடி வேண்டாம். கொடுமைதான், தெரியும். ஆனால் புண்ணான ஈறில் காரமும் புளிப்பும் எரியும். முறுக்கு, வறுகடலை, எள்ளுருண்டை, பாப்கார்ன் இதெல்லாம் ஒரு வாரம் கழித்து. எள்ளும் பாப்கார்ன் தோலும் ஈறு இடுக்கில் போய் மாட்டிக்கொண்டால் எடுப்பது பெரிய பாடு.

சிகரெட், பீடி, புகையிலை போட்ட வெற்றிலை, மது எதுவும் வேண்டாம். புகை ஈறுக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும், புண் ஆறுவது தாமதமாகும்.

குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் எழுதிக் கொடுத்திருந்தால் இன்னொரு விஷயம். அதைக் கொப்பளித்த கையோடு டீ, காபி குடித்தால் பல்லில் பழுப்புக் கறை சீக்கிரம் ஏறும். காபியை முதலில் முடித்துவிடுங்கள். பல் தேய்த்ததும் உடனே இந்த மவுத்வாஷால் கொப்பளிக்காமல் அரை மணி நேரம் விடுவதும் நல்லது, பேஸ்ட்டில் உள்ள நுரைப்பொருள் மருந்தின் வேலையைக் குறைக்கும். மவுத்வாஷ் தரவில்லையென்றால், ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பு போதும்.

ரத்தம் வருமோ என்று பயந்து பல் தேய்ப்பதை நிறுத்துகிறவர்கள் நிறையப் பேர். நிறுத்தினால் பல்லில் கிருமிப் படலம் திரும்பச் சேரும், செலவழித்ததெல்லாம் வீண். மிருதுவான பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்க்கலாம். ஓரிரு நாள் எச்சில் லேசாக இளஞ்சிவப்பாக வருவது சாதாரணம்.

அப்புறம், "கிளீனிங் பண்ணினதால் பல்லுக்கு நடுவே சந்து விழுந்துவிட்டது" என்ற புகார். சந்து ஏற்கெனவே இருந்ததுதான், காரை அதை அடைத்திருந்தது. வீங்கியிருந்த ஈறும் இப்போது வற்றியிருக்கிறது. வேர் வெளியே தெரிவதால் குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசும். பெரும்பாலும் சில நாளில், சிலருக்குச் சில வாரத்தில் அடங்கும். பொட்டாசியம் நைட்ரேட் கலந்த கூச்ச பேஸ்ட் உதவும், ஆனால் பலன் தெரிய இரண்டு வாரமாவது ஆகும்.

ரத்தம் நிற்காமல் வந்தாலோ, சீழ், காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வீக்கம் என்று வந்தாலோ காத்திருக்காமல் டாக்டரிடம் போங்கள். எதுவும் இல்லையென்றாலும் 4 முதல் 6 வாரத்தில் ஒருமுறை போக வேண்டும். இடுக்கின் ஆழத்தைத் திரும்ப அளப்பார்கள், குறையாத இடம் இருந்தால் அடுத்து என்ன செய்வது என்று அப்போதுதான் முடிவாகும்.