தேவிகாபுரம் தறி வீடுகள்: கைடு இல்லாம நாமளே நடந்து பாக்க ஒரு நாள்

வணக்கம் மக்களே. இப்ப நான் நிக்கிறது தேவிகாபுரம். 1989-ல மாவட்டத்தப் பிரிக்கிறதுக்கு முன்னாடி வட ஆற்காடு, இப்ப திருவண்ணாமலை மாவட்டம். பெரியநாயகி அம்மன் கோயில் பத்தித்தான் இந்த ஊரப் பத்திப் பேசுற எல்லாரும் பேசுவாங்க. இன்னிக்கு நான் காட்டப் போறது கோயிலச் சுத்தி இருக்கற தெருவுல, வீட்டுக்குள்ளயே நடக்குற பட்டு நெசவு. கைடு வேணாம், டிக்கெட் கிடையாது. எந்த நேரத்துல எந்த வேலை நடக்கும், எங்க நின்னு எதப் பாக்கணும், இது ரெண்டும் தெரிஞ்சா போதும்.

முதல்ல நேரம். நிறைய பேரு பத்து மணிக்கு மேல கார்ல வந்து, கோயிலப் பாத்துட்டு, ரெண்டு தறி வீட்ட எட்டிப் பாத்துட்டுப் போயிடறாங்க. அவங்க நெசவுல பாதியத் தவற விட்டுட்டாங்கன்னுதான் சொல்லுவேன். தெருவுல பாவு போடுற வேலை வெயில் ஏறுறதுக்குள்ள முடிஞ்சிரும். அதனால விடியக்காலை ஆறு மணிக்கு ஊருக்குள்ள இருக்கணும். வேலூர்லேர்ந்து வர்றவங்க முந்தின நாளே ஆரணியிலயோ போளூர்லயோ தங்கிடுங்க. ரயில்னா காட்பாடி விழுப்புரம் லைன்ல போளூர் ஸ்டேஷன் இருக்கு, அங்கேர்ந்து பஸ் புடிச்சுக்கலாம். அமாவாசை அன்னிக்கு வராதீங்க, அன்னிக்கு நிறைய வீட்டுல தறி ஓடாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலயும் வேணாம். அதுக்குக் காரணம் தறிக்குழி, அங்க போறப்ப சொல்றேன்.

இங்க பாருங்க, தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டியிருக்காங்களே, இதுதான் பாவு. சேலையில நீளவாட்டுல ஓடுற இழை. பட்டுல ஒரு பாவுன்னா பெரும்பாலும் மூணு சேலைக்குப் போடுவாங்க. ஜாக்கெட்டோட சேர்த்து ஒரு சேலை ஆறேகால் மீட்டர்னு வெச்சா, மொத்தம் பத்தொம்பது மீட்டர் பக்கம் வரும். வீட்டுக்குள்ள அவ்ளோ இடம் ஏது? அதான் தெரு. நடுநடுல மூங்கில் கால் நட்டு, அரிசிக் கஞ்சியத் தண்ணியாக் கரைச்சுத் தெளிச்சு, இழை ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம பிரிச்சு விடறாங்க. அறுந்த இழையெல்லாம் இங்கயே முடிச்சுப் போட்டுருவாங்க.

கஞ்சியில பக்குவம் தப்பினா தறியில ஏறினப்பறம்தான் தெரியும். கெட்டியாப் போச்சுன்னா இழை விறைச்சுக்கும், நெய்ய நெய்யக் கஞ்சி தூளாக் கீழ கொட்டும். ரொம்ப நீர்த்துப் போனா இழையில பிசிறு எழும்பி, அச்சுல, அதாவது தறியில இருக்கற சீப்பு மாதிரி சட்டத்துல, உரசி உரசி அறும். வெயில் ஏறிட்டா பிரிச்சு விடறதுக்குள்ள கஞ்சி காஞ்சு, ரெண்டு மூணு இழை சேர்ந்து ஒட்டிக்கும். காத்து அடிச்சாலும் இதே கதைதான். விடிகாலையில வெச்சுக்கறது இதுக்குத்தான். இளவெயில் மெதுவாக் காய வைக்கும், கைக்கு அவகாசம் கிடைக்கும்.

இந்த இடத்துல ரொம்ப கெஞ்சிக் கேட்டுக்கறேன். பாவத் தொடாதீங்க. அதுக்கு அடியில குனிஞ்சு போறது, தாண்டிக் குதிக்கிறது எதுவும் வேணாம். பைக்க தெரு முனையிலயே நிறுத்திடுங்க. மோதிரம், வளையல், பை ஜிப்பு, எதுல மாட்டினாலும் பத்து இழை அறும். அந்தப் பத்தையும் யாராவது ஒருத்தர் உக்காந்து ஒவ்வொண்ணாத் தேடி முடிச்சுப் போடணும்.

அடுத்து சாயப்பட்டறை. இதுவும் காலையிலயே பாக்க வேண்டியது. கோராப் பட்டு, அதாவது சாயம் ஏத்தாத பட்டு, தொட்டா முரமுரன்னு இருக்கும், பளபளப்பும் இருக்காது. பட்டுப்புழு சுரக்குற பசை இழை மேல இருக்கறதுதான் காரணம். எடையில நாலுல ஒரு பங்கு வரைக்கும் இந்தப் பசைதான். சோப்பும் சோடாவும் போட்ட கொதிநீர்ல காய்ச்சி அத எடுத்துருவாங்க. ஒரு கிலோ கோரா உள்ள போனா, முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் மேலயோ கீழயோதான் வெளிய வரும். பசை போனப்பறம்தான் நமக்குத் தெரிஞ்ச அந்தப் பட்டு மினுக்கு.

தண்ணி உப்பா இருந்தா சோப்பு நுரைக்காது, திரிஞ்சு போய் இழையில படியும். படிஞ்ச இடத்துல சாயம் ஏறாம திட்டு விழும். சாயத் தொட்டியில பாருங்க, பட்டுச் சிட்டத்த, அதாவது நூல் கத்தைய, கழியில மாட்டி விடாம திருப்பிக்கிட்டே இருக்காரு. கொஞ்ச நேரம் சும்மா விட்டாலும் கழி தொட்ட இடம் வெளுப்பா நிக்கும். அந்த வெளுப்பு நெசவுல ஊடையா, அதாவது குறுக்குவாட்டுல ஓடுற இழையாப் போனா, சேலையில குறுக்குப் பட்டையாத் தெரியும். இங்க ஆவி, கொதிநீர், அமிலம் எல்லாம் இருக்கு, குழந்தைங்கள உள்ள கூட்டிட்டுப் போகாதீங்க. வாசல்ல நின்னு பாத்தாலே எல்லாம் தெரியுது.

எட்டு மணி ஆச்சுன்னா கோயிலுக்குப் போயிட்டு வந்துருங்க, மதியம் நடை சாத்திருவாங்க. விஜயநகரக் காலத்துக் கட்டுமானம், பெரிய ராஜகோபுரம், மண்டபத் தூண் ஒவ்வொண்ணுலயும் சிற்பம். நெசவு பாக்க வந்தவங்களுக்கு ஒரு வேலை சொல்றேன். தூண்ல இருக்கற அன்னம், யாளி, கொடி எல்லாத்தையும் போட்டோ எடுத்து வெச்சுக்கங்க. பட்டுக் கரையிலயும் அன்னம், யாளி, கொடிதான் காலங்காலமாப் போடுறாங்க. கல்லுல ஒரு வளைவ உளி நினைச்ச மாதிரி இழுத்துரும். துணியில வளைவே கிடையாது, கட்டம் கட்டமா ஏறி ஏறித்தான் வளையணும். ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாத்தா, டிசைன் வரையறவரோட திறமை புரியும்.

சரி, இப்ப தறி வீடு. சத்தம் வர்ற வீட்டு வாசல்ல நின்னு, "அண்ணே, தறி கொஞ்சம் பாக்கலாமா"ன்னு கேளுங்க. பெரியவங்கன்னா "ஐயா", "அம்மா". வேலை நெருக்கடின்னா வேணாம்னு சொல்லுவாங்க, சரின்னு அடுத்த வீட்டுக்குப் போயிருங்க. செருப்ப வெளியிலயே விட்டுடுங்க. உள்ள போனதும் ஒண்ணு கவனிங்க. வாசல்லேர்ந்தோ ஜன்னல்லேர்ந்தோ வர்ற வெளிச்சம் தறி மேல விழும். அந்த வெளிச்சத்த மறைச்சு நிக்காதீங்க. அறுந்த இழையக் கண்டுபிடிக்க அவருக்கு அதுதான் வேணும். போன் பிளாஷையும் அணைச்சுடுங்க.

இது குழித்தறி. நெய்யறவரு தரை மட்டத்துல உக்காந்து, காலக் குழிக்குள்ள விட்டு மிதியை மிதிக்கிறாரு. உக்கார வசதிங்கறது ஒரு பக்கம். குழியில இருக்கற மண் ஈரம் பாவுக்குக் கிடைக்கும்ங்கறது இன்னொரு பக்கம். காத்து வறண்டா பட்டு இழை மொடமொடன்னு ஆகி அறும், சித்திரை வைகாசி மதியத்துல இது நிறைய நடக்கும். அதே குழியில மழைக்காலத்துல தண்ணி ஊறிரும். கால் வைக்க முடியாது, கயிறு நெகிழும், தறிக்கு மேல தொங்குற டிசைன் அட்டை ஊதிக்கும், தறி நின்னு போகும். நின்ன நாளுக்குக் கூலி கிடையாது. அடைமழையில வராதீங்கன்னு சொன்னது இதனாலதான். வேலை நின்ன வீட்டுல போய் வேடிக்கை பாக்கறது நல்லா இருக்காது.

மேல பாருங்க, உத்தரத்துகிட்ட ஒரு பெட்டி, அதுலேர்ந்து மாலை மாதிரி தொங்குது ஓட்டை போட்ட அட்டை. இது ஜக்கார்டு. ஒரு மிதிக்கு ஒரு அட்டை திரும்பும், ஒரு அட்டைக்கு ஒரு ஊடை இழை. ஓட்டை இருக்கற இடத்துல கொக்கி பாவு இழையத் தூக்கும். ஓட்டை இல்லாத இடத்துல ஊசியத் தள்ளி விட்டுரும், அந்த இழை கீழயே கிடக்கும். ஊடை இழையக் கொண்டு போற கட்டை, அதான் நாடா, நடுவுல பாயுது, டிசைன் விழுது. இங்க ஒரு சூட்சுமம் இருக்கு. ஒரே தப்பு ஒவ்வொரு அன்னத்துலயும் ஒரே இடத்துல வந்தா, அட்டையில கோளாறு, ஓட்டை கிழிஞ்சிருக்கும் இல்ல அடைச்சிருக்கும். ஒரே ஒரு அன்னத்துல மட்டும் வந்தா, அந்த நேரத்துல இழை அறுந்திருக்கு. சேலை வாங்கறப்பவும் இந்தக் கணக்கு உதவும்.

கொஞ்சம் கிட்ட வாங்க, இப்ப ஒரு இழை அறுந்துருச்சு. கைய நிறுத்திட்டாரு. அறுந்த நுனி விழுதுக்கும் (பாவு இழையக் கோத்துத் தூக்குற, கண் வெச்ச கயிறு) அச்சுக்கும் நடுவுல எங்கயோ நழுவிக் கிடக்கு. விரல் நுனியால பாவத் தடவித் தேடறாரு. கெடச்சுது. அது நீளம் பத்தாது, அதனால அதே கலர்ல தனியா வெச்சிருக்கற துண்டு இழைய எடுத்து முடிச்சுப் போட்டு, விழுதோட கண்ணுல கோத்து, அச்சுல அதே பல்லு வழியா இழுத்து, நெய்த துணியோட சேர்த்துட்டாரு. பக்கத்துப் பல்லுல கோத்துட்டா அங்க நெரிசலா ஒரு கோடு விழும். கோக்காமலே விட்டா நீளவாட்டுல ஒரு இடைவெளி, அந்தச் சேலை முடியற வரைக்கும் ஓடும். இத மனசுல வெச்சுக்கங்க. நீளவாட்டுக் கோடுன்னா பாவுல கோளாறு. குறுக்குவாட்டுப் பட்டைன்னா ஊடையில, இல்ல அச்சு அடிச்ச வேகத்துல கோளாறு. வேலைய நிறுத்திட்டு மறுபடி தொடங்குற இடத்துல அடி பலம் மாறும், அங்கதான் இந்தப் பட்டை அதிகம்.

கோர்வை நெய்யற வீடு கெடைச்சா விட்டுடாதீங்க. உடல் ஒரு கலர், கரை வேற கலர். சும்மா நெய்தா உடலோட ஊடை கரைக்குள்ளயும் ஓடிக் கலர் கலந்துரும். அதனால மூணு நாடா: இடது கரைக்கு ஒண்ணு, உடலுக்கு ஒண்ணு, வலது கரைக்கு ஒண்ணு. ஒவ்வொரு ஓட்டத்துலயும் உடல் இழையும் கரை இழையும் ஒண்ண ஒண்ணு கொக்கி போட்டுப் பிடிச்சுக்கணும். ரெட்டைக் கரைன்னா பக்கத்துல இன்னொரு ஆள் உக்காந்து அந்தப் பக்க நாடாவைப் போடுவாங்க. ஒரு கொக்கி தவறினா அங்க சின்ன கீறல், துவைக்கத் துவைக்கப் பெருசாகும். ரெண்டு பேரும் மாத்தி மாத்தி நாடா போடுறப்ப பேச்சுக் கொடுக்காதீங்க. ஓய்ஞ்சு தண்ணி குடிக்கறப்ப கேளுங்க, நல்லாவே சொல்லுவாங்க.

பாவு முடியற நாள்ல போனீங்கன்னா இன்னொரு வேலையும் பாக்கலாம், பிணைக்கறது. பழைய பாவோட கடைசி நுனியில புதுப் பாவோட இழைய ஒவ்வொண்ணா, சாம்பல் தொட்டு விரலால முறுக்கி ஒட்டுவாங்க. ஆயிரக்கணக்குல இழை. இதுக்குன்னே தனி ஆளுங்க உண்டு. இந்தக் கைவேகத்துக்கு முன்னாடி என் கேமரா பத்தல.

இப்ப வாங்குறது பத்தி. தறியில இருக்கற சேலையக் காட்டி "இது எவ்ளோ, எனக்குக் கொடுங்க"ன்னு நெய்யறவர்கிட்ட கேக்காதீங்க. பெரும்பாலும் அவர் கூலிக்கு நெய்யறாரு. பட்டு, சரிகை, டிசைன் எல்லாம் கூட்டுறவுச் சங்கத்தோடதோ முதலாளியோடதோ. அவரால விக்க முடியாது, இல்லன்னு சொல்லவும் சங்கடப்படுவாரு. சொந்தமா நெய்து விக்கறவங்க இருக்காங்க, அவங்களே சொல்லுவாங்க. இல்லன்னா சங்கத்துக் கடைக்குப் போங்க.

கடையில சேலையத் திருப்பிப் போட்டுப் பாருங்க. கோர்வைன்னா உடலும் கரையும் சேர்ற இடத்துல பின்பக்கம் பல்லுப் பல்லா இருக்கும். முந்தானை வேற கலர்ல இருந்து, சேர்ற இடம் தடிப்பா, பின்னால வெட்டின நூல் நுனி தெரிஞ்சா அது பிட்னி, கையாலயே இழை மாத்தினது. துணி ஓரத்துல ஊசி ஓட்டை தெரியும். நெய்யறப்ப துணி சுருங்காம விரிச்சுப் பிடிக்கிற குச்சியோட நுனி ஊசி அது, தறியிலயே பாத்திருப்பீங்க. குச்சிய நகத்தி நகத்தி வெக்கறதால கைத்தறியில ஓட்டை விட்டு விட்டு இருக்கும்.

சரிகைக்கு ஒரு நுனிய லேசாச் சுரண்டுங்க, கடைக்காரர்கிட்ட கேட்டுட்டு. அசல் சரிகையில உள்ள இருக்கறது பட்டு இழை, வழக்கமாச் சிவப்பு. அது மேல வெள்ளித் தகட்டச் சுத்தி, தங்க முலாம் பூசியிருப்பாங்க. உள்ள வெள்ளையா நூலோ பிளாஸ்டிக்கோ வந்தா அசல் விலை கொடுக்காதீங்க. சிவப்பு வந்துருச்சேன்னு மட்டும் நம்பிடவும் கூடாது, மட்டச் சரிகையிலயும் சிவப்புச் சாயம் போட்ட நூல் வெக்கறாங்க. பில்லுல "அசல் சரிகை"ன்னு எழுதி வாங்குங்க. பட்டுக்கு ஒரு இழைய எரிச்சுப் பாருங்க: முடி கருகுற வாசனை, சாம்பல் விரல்ல தேச்சா பொடியாகும். உருண்டையா இறுகினா அது பாலியஸ்டர். பட்டுக்கு சில்க் மார்க், கைத்தறிக்கு ஹேண்ட்லூம் மார்க். ரெண்டும் வேற வேற, முதல்தைக் காட்டி ரெண்டாவதுக்கும் சேத்து விலை சொன்னா கேள்வி கேளுங்க.

கடைசியா ஒண்ணு. கரை அடர் கலரா இருந்தா, வெள்ளைத் துணிய நனைச்சுக் கரை மேல ஒரு நிமிஷம் அழுத்திப் பாருங்க. சாயம் ஒட்டுச்சுன்னா பட்டறையில அலசல் பத்தலன்னு அர்த்தம். வெளிர் உடலுக்கு அரக்குக் கரை போட்ட சேலைன்னா அத எடுக்காதீங்க, அதே டிசைன்ல வேற சேலை காட்டச் சொல்லுங்க.