பண்டிகை நாளில் கடை திறந்திருக்கிறது: உங்கள் லீவு எங்கே போனது?

[திரை: தீபாவளிக்கு முந்தைய இரவு, தி.நகர் ரங்கநாதன் தெரு. ஜவுளிக்கடை வாசலில் கூட்டம்.]

தீபாவளிக்கு முந்தைய நாள் இரவு பதினொன்றரை மணி. பில்லிங் கவுண்டரில் இன்னும் வரிசை நிற்கிறது. கலைந்து கிடக்கும் சேலைகளை மடித்து அடுக்கிவிட்டுத்தான் சேல்ஸ் பெண்கள் விடுதிக்குப் போக முடியும். "நாளைக்கு மதியம் கடை திறக்கிறோம், எல்லாரும் வந்துடுங்க" என்று சூப்பர்வைசர் வாய்மொழியாகச் சொல்லிவிட்டுப் போகிறார்.

அவர் அப்படிச் சொல்லலாமா? சொன்னால், வருகிறவர்களுக்கு என்ன தர வேண்டும்? தமிழ்நாட்டில் கடைகளில் வேலை செய்கிறவர்களில் பலருக்கு இது தெரியாது. கடை நடத்துகிறவர்களிலும் பலருக்குத் தெரியாது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். "தீபாவளிக்குக் கடையைத் திறக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கா?" என்று கேட்கிறவர்கள் அதிகம். அப்படிச் சட்டம் இல்லை. அரசு உத்தரவால் ஷட்டரே இறங்கும் நாட்கள் சில உண்டு. திருவள்ளுவர் தினம், வள்ளலார் நினைவு நாள், மகாவீர் ஜெயந்தி, மிலாடி நபி போன்ற நாட்களில் டாஸ்மாக் மூடும். இறைச்சிக் கடைகளுக்கு உள்ளாட்சி அமைப்புகள் தனியாக உத்தரவு போடும். ஜவுளி, பாத்திரம், நகை, மளிகை, சூப்பர் மார்க்கெட் எதற்கும் அந்தக் கட்டுப்பாடு கிடையாது.

சட்டம் லீவு கொடுப்பது தொழிலாளிக்கு. கடை திறந்திருப்பதால் அந்த லீவு ரத்தாகிவிடாது. அன்றைக்கு வேலை வாங்கினால் அதற்கு ஒரு விலை உண்டு.

[திரை: சட்டத்தின் பெயர் பெரிய எழுத்தில்.]

தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் (தேசிய, பண்டிகை மற்றும் சிறப்பு விடுமுறைகள்) சட்டம், 1958. பெயரில் "தொழில் நிறுவனங்கள்" என்று இருப்பதால் இது ஃபேக்டரிக்கு மட்டும்தான் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். 1947-ஆம் ஆண்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின்கீழ் (சுருக்கமாக, கடைகள் சட்டம்) வரும் கடைகளும் உணவகங்களும் இதில் அடக்கம்.

இந்தச் சட்டப்படி ஆண்டுக்கு 9 நாள் சம்பளத்துடன் லீவு. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கும் தேதியோடு சட்டத்திலேயே எழுதப்பட்டவை. மீதி ஐந்தும் பண்டிகை நாட்கள். எந்த ஐந்து என்று சட்டம் சொல்லவில்லை. முதலாளியையும் தொழிலாளர்களையும் கலந்து பேசி, அந்தந்த நிறுவனத்துக்குத் தொழிலாளர் துறை ஆய்வாளர் குறிப்பிட வேண்டும். நடைமுறையில், புத்தாண்டு பிறப்பதற்கு முன்பே கடைக்காரர் படிவம் 5-இல் பட்டியல் எழுதி அனுப்புவார். "கலந்து பேசி" என்கிற பகுதிதான் பெரும்பாலான கடைகளில் நடப்பதே இல்லை. போன வருடப் பட்டியலில் தேதியை மட்டும் மாற்றி அனுப்பிவிடுகிறார்கள்.

பட்டியல் கடை முழுவதற்கும் ஒன்றுதான். பொங்கல், தமிழ்ப் புத்தாண்டு, ஆயுத பூஜை, தீபாவளி என்று நான்கு போய்விட்டால் மிஞ்சுவது ஒன்று. ரம்ஜானா, கிறிஸ்துமஸா? நாற்பது பேர் வேலை செய்யும் கடையில் ஆறு பேர் முஸ்லிம், ஐந்து பேர் கிறிஸ்தவர் என்றால் யாரோ ஒரு தரப்பு தங்கள் பெருநாளன்று கவுண்டரில் நிற்க வேண்டி வரும். ஐந்து என்பது குறைந்தபட்சம்தான், ஆறாவதாக ஒரு நாளைச் சேர்க்க எந்தத் தடையும் இல்லை. இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதே முறை என்பது எங்கள் கருத்து. அதனால் கடைக்கு ஆகும் செலவு ஆண்டுக்கு ஒரு நாள் சம்பளம், அவ்வளவுதான்.

ரம்ஜானில் ஒரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. காலண்டரில் அச்சாகியிருக்கும் தேதியைப் படிவத்தில் எழுதிவிடுவார்கள். பிறை தெரிவதைப் பொறுத்துத் தலைமை காஜியின் அறிவிப்பு முந்தைய நாள் இரவுதான் வரும். தேதி ஒரு நாள் தள்ளிப்போனால், லீவு விட்ட நாள் பெருநாளாக இருக்காது. பெருநாளன்று "பட்டியலில் நேற்றுதானே இருக்கு" என்பார்கள். பட்டியலில் பண்டிகையின் பெயரை எழுதி, "அரசு அறிவிக்கும் நாளன்று" என்று சேர்த்துவிட்டால் இந்தத் தகராறே வராது.

[திரை: ஒரு நாள் கூலி 600 ரூபாய் என்ற கணக்கு.]

இப்போது பணக் கணக்கு. பட்டியலில் உள்ள நாளில் உங்களை வேலைக்கு அழைத்தால் இரண்டில் ஒன்று கிடைத்தாக வேண்டும். ஒன்று, அந்த நாளுக்கு இரட்டைச் சம்பளம். இல்லாவிட்டால், அன்றைய சம்பளத்தோடு வேறொரு நாள் சம்பளத்துடன் மாற்று விடுமுறை. கடைகளில் "காம்ப் ஆஃப்" என்பது இதைத்தான்.

மாதச் சம்பளக்காரர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். உங்கள் நாள் கணக்கு 600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் இருந்திருந்தாலும் பண்டிகை நாளுக்கான 600 உங்கள் மாதச் சம்பளத்துக்குள் இருக்கும். வேலைக்கு வந்தால் அதற்குமேல் இன்னொரு 600 வர வேண்டும். "மாசச் சம்பளத்திலேயே எல்லாம் சேர்ந்திருக்கு" என்று யாராவது சொன்னால் அது தவறு. சம்பளச் சீட்டில் அந்த 600 தனி வரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

"தீபாவளி போனஸ் கொடுத்தோமே" என்பது அடுத்த பதில். போனஸ் வேறு கணக்கு. அது ஆண்டு முழுவதும் உழைத்ததற்கு, குறைந்தது 8.33 சதவீதம் என்று தனிச் சட்டத்தில் வருவது. ஒரு புடவையும் ஸ்வீட் பாக்ஸும் எந்தக் கணக்கிலும் வராது. அவை அன்பளிப்பு.

பண்டிகை லீவு நாளில் வேலை வாங்க, 24 மணி நேரத்துக்கு முன்பே எழுத்தில் தெரிவித்து ஆய்வாளருக்கும் நகல் அனுப்ப வேண்டும். சூப்பர்வைசர் முந்தைய இரவு பதினொன்றரைக்குச் சொல்லிவிட்டுப் போவது இதில் சேராது. இப்போதெல்லாம் வாட்ஸ்அப் குழுவில் செய்தி போடுகிறார்கள். அதை அழிக்காதீர்கள், ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

இரட்டைச் சம்பளமா, மாற்று விடுமுறையா? எதைக் கேட்பது என்று யோசிக்கும்போது காலண்டரைப் பாருங்கள். ஆயுத பூஜை முடிந்து ஏறக்குறைய இருபதே நாளில் தீபாவளி. ஜவுளிக்கடைக்கு அதுதான் உச்சக்கட்டம். அந்த நாட்களில் யாருக்கும் காம்ப் ஆஃப் கிடைக்காது. "தீபாவளி முடியட்டும்" என்பார்கள், பிறகு "கிறிஸ்துமஸ் முடியட்டும்" என்பார்கள், வருடமே முடிந்துவிடும். ஆகவே ஆயுத பூஜையன்று வேலை பார்த்தால் பணமாகக் கேட்பது நல்லது. பொங்கலன்று வேலை பார்த்தால் மாற்று விடுமுறை கேட்கலாம். பொங்கல் கூட்டம் வடிந்த பிறகு ஜனவரிக் கடைசியில் கடை ஓய்வாக இருக்கும், கொடுப்பதற்கும் அவர்களுக்குக் கஷ்டமில்லை. ஆகஸ்ட் 15 பெரும்பாலும் ஆடித் தள்ளுபடியின் கடைசி நாட்களில் விழும். அன்றைக்கு எந்தப் பெரிய கடையும் ஆட்களை விடாது, எனவே எந்தத் தேதியில் மாற்று லீவு என்பதை முன்கூட்டியே எழுதி வாங்கிவிடுங்கள்.

மாற்று விடுமுறைக்கு இன்னொரு நல்ல பயனும் உண்டு. தீபாவளி கொண்டாடாதவர் விரும்பி முன்வந்து அன்றைக்கு ட்யூட்டி பார்க்கலாம். அதற்கான லீவைக் கிறிஸ்துமஸுக்கு எடுத்துக்கொள்ளலாம். பக்கத்து செக்‌ஷனில் இருப்பவர் கிறிஸ்துமஸுக்கு அவர் இடத்தில் நிற்பார். பல கடைகளில் தொழிலாளர்களே இப்படிப் பேசி வைத்துக்கொள்கிறார்கள். இது விருப்பத்தோடு நடக்க வேண்டும், எழுத்திலும் இருக்க வேண்டும். "நீ கிறிஸ்டியன்தானே, தீபாவளிக்கு உனக்கென்ன" என்று கட்டாயப்படுத்த யாருக்கும் உரிமை இல்லை. பட்டியலில் உள்ள நாள் எல்லோருக்கும் லீவுதான்.

[திரை: ஷிஃப்ட் அட்டவணை.]

கடை நடத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பொங்கலன்று திறக்கத்தான் வேண்டும், நாற்பது பேரில் 24 பேர் தேவை என்றால், அந்த 24 பெயர்களையும் ஒரு வாரம் முன்பே பலகையில் ஒட்டுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே மாற்று லீவுத் தேதியையும் எழுதுங்கள். நாளொன்றுக்கு மூன்று பேர் வீதம் விட்டால் எட்டு நாளில் எல்லாக் கணக்கும் தீர்ந்துவிடும். தேதி போடாமல் விட்ட கடைகளில்தான் காம்ப் ஆஃப் நிலுவை சேர்ந்து சேர்ந்து சண்டையில் முடிகிறது.

வீக்லி ஆஃபைப் பண்டிகை லீவோடு கலக்கவும் கூடாது. வாரத்தில் ஒரு முழு நாள் விடுமுறை என்பது கடைகள் சட்டத்தில் வருவது. தீபாவளி மாதம் முழுக்க வீக்லி ஆஃபை நிறுத்திவிட்டு, "தீபாவளிக்கு மறுநாள் மொத்தமா லீவு விட்டோமே" என்றால் கணக்கு நேராகாது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று 2019-இல் அரசு அனுமதித்து, பிறகு நீட்டித்தும் வருகிறது. அந்த அனுமதியிலேயே, சுழற்சி முறையில் ஒவ்வொருவருக்கும் வாரம் ஒரு நாள் லீவு தர வேண்டும், அன்றன்று யார் லீவு என்பதைக் கண்ணில் படும்படி ஒட்ட வேண்டும் என்ற நிபந்தனைகள் இருக்கின்றன. கடை தூங்காமல் இருக்கலாம், ஆள் தூங்க வேண்டும்.

வெளியூர்க்காரர்களின் நிலை இதைவிடக் கடினம். தி.நகர் கடைகளில் நிற்கிற பலர் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துப் பிள்ளைகள். முந்தைய இரவு பன்னிரண்டுக்குக் கடை அடைத்தால் ஊர் போய்ச் சேர மறுநாள் மதியமாகிவிடும். அன்றிரவே திரும்பவும் கிளம்ப வேண்டும். அந்த ஒரு நாள் லீவு பேருந்திலேயே கழிந்துவிடுகிறது. கடைகள் சட்டத்தில் ஆண்டுக்கு 12 நாள் தற்செயல் விடுப்பு உண்டு. ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்தவர்களுக்கு 12 நாள் ஈட்டிய விடுப்பும் உண்டு. பண்டிகை லீவோடு இவற்றில் இரண்டு நாள் சேர்த்து, செப்டம்பரிலேயே எழுதிக் கொடுத்து ஒப்புதல் வாங்குங்கள். ரயில் டிக்கெட் 60 நாள் முன்பே திறந்துவிடும் என்பதையும் மறக்க வேண்டாம். நள்ளிரவைத் தாண்டி வேலை நீண்டால், தாண்டிய நேரத்தை வருகைப் பதிவில் ஏற்றச் சொல்லுங்கள். எட்டு மணி நேரத்துக்கு மேற்பட்டது ஓவர்டைம், அதற்கு இரட்டிப்பு விகிதம்.

[திரை: ஒரு பில். விற்பனையாளர் எண்ணைச் சுற்றி வட்டம்.]

பணமும் வரவில்லை, லீவும் வரவில்லை என்றால்? மாவட்டத்தில் உள்ள தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் மனுக் கொடுக்கலாம். ஆண்டுதோறும் ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாட்களில் துறையே கடைகளுக்கு நேரில் போய் ஆய்வு செய்து நடவடிக்கை எடுக்கிறது. பண்டிகை நாட்களில் அந்த அளவு ஆய்வு நடப்பதில்லை, அதனால் உங்கள் மனுதான் முக்கியம். "அன்றைக்கு இவர் வரவே இல்லை" என்று கடை சொன்னால் பஞ்ச் பதிவு கடையிடம்தான் இருக்கும். ஜவுளிக்கடை பில்லில் விற்றவரின் எண் அச்சாகும். அன்றைய தேதி போட்ட, உங்கள் எண் உள்ள ஒரு பில்லின் படம் வலுவான சான்று. வாட்ஸ்அப் அழைப்பு, அந்த மாதச் சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்குப் பக்கம் ஆகியவற்றை அதனுடன் வையுங்கள். நான்கைந்து பேர் சேர்ந்து கையெழுத்திட்ட மனு, தனி ஆளாகப் போவதைவிடப் பாதுகாப்பானது.

அடுத்த ஆண்டுப் பட்டியல் டிசம்பரில் தயாராகும். நவம்பரிலேயே மேனேஜரிடம் போய், "படிவம் 5-க்கு எங்க கருத்தை எழுதித் தர்றோம்" என்று கேளுங்கள். ஒரு வெள்ளைத்தாளில் ஐந்து பண்டிகைகளின் பெயர், கீழே எல்லோருடைய கையெழுத்து, தேதி. நகல் ஒன்று உங்களிடம் இருக்கட்டும்.