நான்கு இலை, ஒரு வரி, ஒரு தபால் பெட்டி
(கிளை நூலக வாசகர் வட்டத்தில் பேசியது)

மேடையில் வீற்றிருக்கும் பேரூராட்சித் தலைவர் அம்மா அவர்களே, வாசகர் வட்டத் தலைவர் ஐயா அவர்களே, வார்டு உறுப்பினர்களே, பெண்கள் பள்ளித் தலைமையாசிரியை அவர்களே, ஞாயிற்றுக்கிழமையும் கதவைத் திறந்து வைத்திருக்கிற நூலகர் அவர்களே, காலையிலிருந்து சுண்டல் தாளித்த சுய உதவிக்குழுச் சகோதரிகளே, முன்வரிசையில் கத்தரிக்கோலோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம். எனக்குப் போர்த்திய துண்டு கைத்தறி என்று சொன்னார்கள். அதற்குத் தனியாக ஒரு வணக்கம்.

இரங்கல் அட்டையைக் கையால் ஏன் செய்ய வேண்டும், எப்படிச் செய்ய வேண்டும், அதில் என்ன எழுத வேண்டும் என்று மூன்று விஷயம் பேச வந்திருக்கிறேன்.

'நல்லதுக்குப் போகாட்டியும் கெட்டதுக்குப் போகணும்' என்பார்கள் நம் பெரியவர்கள். போக முடியாத காலமும் வந்தது. 2020 ஏப்ரலில் என் அம்மா தவறிப்போனார். ஊரடங்கு. இறுதிச் சடங்குக்கு இருபது பேருக்கு மேல் கூடக் கூடாது. செல்போனில் முந்நூறு செய்தி வந்திருக்கும். எல்லாம் கூப்பிய கை, 'ஆழ்ந்த இரங்கல்'. அனுப்பியவர்கள்மேல் எனக்குக் குறையில்லை. ஆனால் ஒன்றுகூட மனதில் நிற்கவில்லை.

ஜூன் மாதம் தபால்காரர் வாசலில் நின்று, "சார், கையால செஞ்சது மாதிரி இருக்கு, மடிக்காம கொண்டாந்தேன்" என்று ஒரு உறையை நீட்டினார். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் என் பழைய மாணவன் அனுப்பியது. பனியன் பெட்டியின் அட்டையை வெட்டி, நான்கு வேப்பிலையைப் பாடம் செய்து ஒட்டியிருந்தான். உள்ளே: "ஐயா, ஒம்பதாவது படிக்கையில ஒருநாள் உங்க வீட்டுல அம்மா புளிச்சோறு போட்டாங்க. தொவையல் ரெண்டு தடவ கேட்டேன். மூணாவது தடவ கேக்காமலே வச்சாங்க."

அம்மா போனபோது அழாதவன், அந்த மூன்றாவது துவையலில் உடைந்துபோனேன். என் மனைவி ஓடி வந்தார். "சாவுக் கடிதாசியை வீட்டுக்குள்ள வைக்கக் கூடாது, கிழிச்சுப் போடுங்க" என்றார். என் அப்பா காலத்தில் கருமாதிக் கார்டு வந்தால் படித்த கையோடு கிழித்துவிடுவார்கள். "முதல்ல படி" என்று கொடுத்தேன். படித்தார். ஒன்றும் பேசவில்லை. தன் கையாலேயே கொண்டுபோய்ச் சாமி மாடத்தில் வைத்தார். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது.

(கைதட்டலுக்கு நன்றி. அது அந்தப் பையனுக்குச் சேர வேண்டியது.)

செய்முறை எளிது. புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தார் 1959 முதல் பருத்தித் துணிக் கழிவிலிருந்து கைக்காகிதம் செய்கிறார்கள். அது கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் பழைய அட்டை போதும். வேப்பிலை, துளசி எதுவானாலும் ஈரமில்லாமல் செய்தித்தாளுக்குள் வைத்து மேலே கனமான புத்தகத்தை ஏற்றுங்கள். ஒரு வாரத்தில் தட்டையாகிவிடும். அரசிலையை மூன்று நான்கு வாரம் தண்ணீரில் ஊறப்போட்டு மெல்லத் தேய்த்தால் நரம்பு மட்டும் சல்லடைபோல மிஞ்சும். துக்க வீட்டுக்கு அதைவிடப் பொருத்தமான சித்திரம் கிடையாது. ஜிகினா மட்டும் வேண்டாம்.

செய்துவிட்டீர்கள். எங்கே போடுவீர்கள்? அதுதான் என் கேள்வி. பழைய பஸ் ஸ்டாண்டு முக்கில் நின்ற சிவப்புப் பெட்டியை வடிகால் வேலைக்காக எடுத்தார்கள். வடிகால் முடிந்து மூன்று வருஷம் ஆகிறது, பெட்டி திரும்பவில்லை. 2025 செப்டம்பரில் பதிவுத் தபாலை விரைவுத் தபாலோடு சேர்த்ததும், தபால் பெட்டியே ஒழிந்தது என்று பலர் நம்பிவிட்டார்கள். அது தவறு. 1879-இல் இந்தியாவுக்கு வந்த அஞ்சலட்டை இன்றும் ஐம்பது பைசாவுக்குக் கிடைக்கிறது. ஐந்து ரூபாய்த் தபால்தலை ஒட்டினால் இருபது கிராம் உறை கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் வரை போகும். கெட்டதுக்குப் போகணும் என்கிறோமே, கால் முடியாத பாட்டிக்கு அந்தப் பெட்டிதானே கால்! அஞ்சலகம் வரை இரண்டு கிலோமீட்டர் அவர் எப்படி நடப்பார்? பேரூராட்சித் தலைவர் அம்மா மேடையில் இருக்கும்போதே கேட்கிறேன். இடத்தை நீங்கள் ஒதுக்கித் தாருங்கள், அஞ்சல் துறையிடம் நாங்கள் கேட்டு வாங்குகிறோம்.

நேரமாகிவிட்டது என்று நூலகர் சைகை காட்டுகிறார். என்ன எழுதுவது என்பதை அடுத்த மாதம் பேசலாம். வாசல் மேசையில் மனு இருக்கிறது. கையெழுத்தோடு முகவரியையும் எழுதுங்கள், பின்கோடை விட்டுவிடாதீர்கள். வணக்கம்.